தலையணைக்கு அடியில் ஒரு மருந்துக்கடை

கோவைக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாகச் சேர்ந்த முதல் வாரமே மருந்து அறைச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். அறை என்றால் சமையலறையை ஒட்டிய ஸ்டோர் ரூம்தான். அடுப்புச் சூடு சுவர் வழியாகவே வரும். உள்ளே மர அலமாரி, அதற்குப் பூட்டு கிடையாது. 32 பேரின் மாத்திரைகளும் பழைய பிஸ்கட் டப்பாக்களில் கிடந்தன.

டப்பாவைக் கொட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் கத்தரித்த துண்டுகள். காலாவதித் தேதி ஸ்டிரிப்பின் ஒரு ஓரத்தில்தான் இருக்கும். அந்த ஓரத்து மாத்திரையை முதலில் பிய்த்துவிட்டால் மிச்சத்துக்குத் தேதியே இல்லை. தேதி தெரியாத எல்லாவற்றையும் ஒதுக்கினேன். இரண்டு பெரிய கவர் நிறைய வந்தது. குப்பையில் போட மனம் வரவில்லை, நாய் மாடு மேயும் இடம். பக்கத்து மருத்துவமனையில் கேட்டு, அவர்களுடைய மருத்துவக் கழிவு மஞ்சள் பையில் சேர்த்தோம்.

இன்சுலின் இருந்தது சமையலறை ஃப்ரிட்ஜில், இட்லி மாவுக்குப் பக்கத்தில். இரண்டு பாட்டில் ஃப்ரீசரோடு ஒட்டி உறைந்திருந்தது. உருகினால் சரியாகிவிடும் என்றார் சமையல் அக்கா. ஆகாது. உறைந்த இன்சுலினை நம்பி ஊசி போட முடியாது, தூக்கிப்போட வேண்டியதுதான். திறக்காத பாட்டிலுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். நிர்வாகத்திடம் நச்சரித்து மருந்துக்கென்றே சின்ன ஃப்ரிட்ஜும் வெப்பமானியும் வாங்கினேன். திறந்த பாட்டிலில் அன்றைய தேதியை ஒட்டிவிடுவோம். பெரும்பாலானவற்றுக்கு 28 நாள் கணக்கு.

மூட்டுவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருமுறை மாத்திரை. தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அதை மட்டும் தனி டப்பாவில் போட்டு, மேலே கிழமையைக் கொட்டை எழுத்தில் எழுதினேன். அலமாரிக்குப் பூட்டு, தூக்க மாத்திரைகளுக்கு அதற்குள்ளே இன்னொரு பூட்டு, எண்ணிக்கை நோட்டு.

இதெல்லாம் பத்து நாளில் முடிந்தது. தலையணைகளுக்கு அடியில் அவரவர் பதுக்கியிருந்த மாத்திரைகளை வாங்கத்தான் மூன்று மாதம் ஆனது.

ஒரு பாட்டி முந்தானை முடிச்சில் பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கும் அல்பிரசோலம் மாத்திரைகளைச் சேர்த்து வைத்திருந்தார். "ராத்திரி தூக்கம் வரலைன்னா உன்னை எழுப்பணுமேன்னுதான் கண்ணு" என்றார். அவரைத் திட்டி என்ன பயன்? ராத்திரியில் கூப்பிட்டால் ஆள் வராது என்ற பயம் அவருக்கு. இரவு ஆளைக் கட்டாயம் இரண்டு சுற்று வரச்சொன்ன பிறகு முடிச்சு தானாகவே அவிழ்ந்தது.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அசையவே இல்லை. "நான் என்ன குழந்தையா சிஸ்டர்?" என்றார். யோசித்தால் அவர் சொல்வதும் நியாயம்தான். வேளை தவறாமல் தானே எடுத்துக்கொள்பவரிடம் ஏன் பிடுங்க வேண்டும்? டாக்டரிடம் கேட்டு, பூட்டுப் போட்ட சின்னப் பெட்டி ஒன்றை அவர் கட்டிலருகே வைத்தோம். ஒரு சாவி அவரிடம், இன்னொன்று என்னிடம். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரையையும் அலமாரிக்குள் பூட்டவில்லை. அந்த நேரத்தில் யார் சாவி தேடுவது? டியூட்டி மேசையில், எல்லா ஊழியருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கிறது.

ஃப்ரிட்ஜ் வெப்பநிலை நோட்டை இப்போது பார்ப்பவர் அதே தலைமையாசிரியர்தான். போன வாரம் சிவப்பு மையில் வட்டம் போட்டு நீட்டினார்: "ஞாயிறு சாயங்காலம் காலியா இருக்கே சிஸ்டர், ஃப்ரிட்ஜுக்கு லீவா?"