லைசோசைமை அவிழ்த்து மீண்டும் மடித்தெடுத்த விதம்

புரத மடிப்பை, அதாவது அமினோ அமிலச் சங்கிலி தன் வடிவத்துக்குச் சுருளுவதை, கையால் செய்து படிக்க வேண்டுமென்றால் கோழி முட்டை வெள்ளைக்கருவிலுள்ள லைசோசைம் என்னும் நொதியை எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் நாங்கள் சொல்வோம். விலை குறைவு, தூய தூளாகக் கிடைக்கிறது. 129 அமினோ அமிலம், நிறை 14,305 டால்டன். எட்டு சிஸ்டீன்கள் (கந்தகமுள்ள அமினோ அமிலம்), சங்கிலியில் அவை இருக்கும் இட எண்படி, 6–127, 30–115, 64–80, 76–94 என நான்கு டைசல்பைடு (கந்தகம்–கந்தகம்) பிணைப்புகளாகக் கோத்திருக்கும். முப்பரிமாண வடிவம் 1965-லேயே டேவிட் பிலிப்ஸ் குழுவினரால் வெளிவந்துவிட்டது. எக்ஸ் கதிர் வழியாக வடிவம் தெரிந்த முதல் நொதி இதுதான். மடிந்ததா இல்லையா என்பதை ஒளி உறிஞ்சலை அளக்கும் ஒரு ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரை வைத்தே அளந்துவிடலாம்.

எட்டு சிஸ்டீன்களை இரண்டிரண்டாகச் சேர்க்க 105 வழிகள் உண்டு. அதில் ஒன்றுதான் சரி. கிறிஸ்டியன் ஆன்ஃபின்சன் ரைபோநியூக்ளியேஸை வைத்துக் காட்டியதும் இதே கணக்குதான். அதிலும் எட்டு சிஸ்டீன்கள். வெளியிலிருந்து எந்த அச்சும் கொடுக்காமல், அமினோ அமில வரிசை தானே அந்த ஒரு வழியைத் தேடிப் பிடிக்கிறது என்று நிறுவியதற்காக 1972-ல் அவருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது. லைசோசைமில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. அவிழ்ந்த லைசோசைம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வெள்ளையாகத் திரிந்துவிடும். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அந்தத் திரிதலை முந்திக்கொண்டு மடிப்பை முடிப்பதற்காகத்தான்.

முதலில் அவிழ்ப்பு. பத்து மில்லி கரைசலுக்கு, புரதத்தை அவிழ்க்கும் குவானிடின் ஹைட்ரோகுளோரைடு 5.73 கிராம், அதாவது 6 மோலார். தூளே நாலு மில்லிக்கு மேல் இடம் பிடிக்கும் என்பதால் தண்ணீரை நாலு மில்லிக்கு மேல் முதலில் ஊற்றக் கூடாது. பத்து மில்லி தண்ணீரில் கொட்டிக் கரைத்தால் செறிவு 4 மோலார் சொச்சத்தில் நின்றுவிடும். புரதம் அரைகுறையாகத்தான் அவிழும். அதோடு பிஎச்சை நிலைநிறுத்தும் டிரிஸ் (1 மோலார்) 1 மில்லி, உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ (0.5 மோலார்) 20 மைக்ரோலிட்டர். பிஎச் 8.6-க்குக் கொண்டுவந்து அளவைப் பத்து மில்லியாக்க வேண்டும். டைசல்பைடு பிணைப்பை உடைக்கும் டிடிடி 46 மில்லிகிராம், அதாவது 30 மில்லிமோலார், கடைசியில், பயன்படுத்தும் அந்த நேரத்தில். பிஎச் 8.5-ல், 20 டிகிரியில் டிடிடியின் அரை ஆயுள் ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. காலையில் கலந்து வைத்ததை மாலையில் எடுத்தால் அதில் வேலை செய்யும் டிடிடி கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கும்.

யூரியா மலிவாயிற்றே, அதை எடுக்கலாமே என்று பலர் கேட்பார்கள். எடுக்கலாம், 8 மோலாருக்கு 100 மில்லியில் 48 கிராம். ஆனால் யூரியா கரைசலில் சயனேட் தானாகவே உருவாகும். அது லைசின்களிலும் சங்கிலியின் முதல் அமினோ முனையிலும் ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு இடத்திலும் 43 டால்டனைக் கூட்டும். கரையவில்லை என்று சூடாக்கினால் நிலைமை இன்னும் மோசம். யூரியாதான் கையில் இருக்கிறது என்றால் அன்றன்று கரையுங்கள், 37 டிகிரியைத் தாண்டவிடாதீர்கள். குவானிடினில் இந்தத் தொல்லை இல்லை. அதில் வேறொன்று: ஜெல் சோதனையில் பயன்படும் எஸ்டிஎஸ் என்னும் சோப்புப் பொருள் பட்டவுடன் வீழ்படிவாகிவிடும். எனவே குவானிடின் மாதிரியை நேரே ஜெல்லில் ஏற்ற முடியாது.

இந்தக் கரைசல் 2.4 மில்லியில் லைசோசைம் 25 மில்லிகிராமைக் கரைத்து 37 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைக்கிறோம். புரதம் ஏறத்தாழ 0.7 மில்லிமோலார், நான்கு பிணைப்புகளையும் உடைக்க 3 மில்லிமோலாருக்குக் கொஞ்சம் குறைவான டிடிடி போதும். பத்து மடங்கு இருப்பதால் எதிர்வினை பின்னோக்கித் திரும்பாது. நேரம் முடிந்ததும் 0.1 மில்லி கிளேசியல் அசிட்டிக் அமிலத்தைச் சேர்த்துவிடுகிறோம். பிஎச் 4-ஐ ஒட்டி இறங்கியவுடன் தயோல்கள், அதாவது உடைந்த பிணைப்பின் கந்தக முனைகள், செயலற்றுப்போகும். புதுப் பிணைப்பு எதுவும் உருவாகாது. மொத்தம் 2.5 மில்லி. பிடி-10 காலத்துக்கு (column: புரதத்தை முன்னால் விட்டு, சிறு மூலக்கூறுகளைப் பின்தங்க வைக்கும் குழாய்) இதுவே சரியான அளவு. காலத்தை முன்கூட்டியே 25 மில்லி 0.1 மோலார் அசிட்டிக் அமிலத்தால் கழுவி வைத்து, மாதிரியை ஏற்றி, அதே அமிலம் 3.5 மில்லியால் இறக்கினால் டிடிடியும் குவானிடினும் பின்தங்கிவிடும். மில்லிக்கு 7 மில்லிகிராம் வாக்கில் அவிழ்ந்த லைசோசைம் தெளிவாக வரும். அமிலத்தில் புரதம் முழுவதும் நேர் மின்னூட்டம் பெற்று ஒன்றையொன்று தள்ளுவதால் அது கரைந்தே இருக்கும். சிறு பங்குகளாகப் பிரித்து உறைய வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த படிக்குப் போகுமுன் விடுபட்ட தயோல்களை எண்ணும் எல்மன் சோதனையைக் கட்டாயம் செய்துவிடுங்கள். 280 நானோமீட்டரில் செறிவை அளந்து (அவிழ்ந்த லைசோசைமுக்கு மோலார் உறிஞ்சு கெழு 37,470), 5 மைக்ரோமோலார் வருமாறு 6 மோலார் குவானிடின், பிஎச் 8 கரைசலில் எடுத்து தயோலோடு சேர்ந்து மஞ்சளாகும் டிடிஎன்பி சேர்க்க வேண்டும். எட்டு தயோலும் விடுபட்டிருந்தால் 412 நானோமீட்டரில் உறிஞ்சல் 0.55 வரும். 0.4 வந்தால் ஏதோ ஒரு பிணைப்பு உடையவில்லை. 0.7-க்கு மேல் போனால் காலத்தில் டிடிடி கசிந்து வந்திருக்கிறது. அது அடுத்த படியில் பிணைப்புகளைச் சீராக்கச் சேர்க்கும் குளுடாதயோன் என்னும் சிறு தயோலின் கணக்கைக் குலைத்துவிடும். இந்தச் சோதனையைத் தாண்டிப் போய்விட்டு, உடையாமல் நின்ற பழைய புரதத்தின் செயலை அளந்து ‘மடிந்துவிட்டது’ என்று எழுதுவது எளிதில் நடந்துவிடும்.

இனி மடிப்பு. நூறு மில்லி பஃபர்: டிரிஸ் 0.1 மோலார், பிஎச் 8.2, இடிடிஏ 1 மில்லிமோலார். ஒடுக்கப்பட்ட குளுடாதயோன் 92 மில்லிகிராம், ஆக்சிஜனேற்றம் பெற்ற குளுடாதயோன் 18 மில்லிகிராம். அதாவது 3 மில்லிமோலாருக்கு 0.3. ஆக்சிஜனேற்ற வடிவம் பிணைப்பைப் போட உதவும். ஒடுக்கிய வடிவம் தவறாகப் போட்டதைப் பிரித்துவிடும். பின்னதைக் குறைத்தால் தப்பான ஜோடிகள் சிக்கிக்கொண்டு அப்படியே நிற்கும், முன்னதைக் குறைத்தால் பிணைப்பே நகராது. காற்றை மட்டும் நம்பினால் நேரமும் இழுக்கும், தண்ணீரிலுள்ள செம்புத் தடயத்தைப் பொறுத்து வேகமும் மாறும். இடிடிஏ அந்தச் செம்பைக் கட்டிப்போடத்தான்.

பிஎச் விஷயத்தில் கவனம் தேவை. தயோல் அயனியாகும்போதுதான் பரிமாற்றம் நடக்கும். 7-ல் அது மிக மெதுவாகப் போகும். டிரிஸ் பஃபரின் பிஎச் ஒவ்வொரு டிகிரி குளிருக்கும் ஏறத்தாழ 0.03 ஏறும். 25 டிகிரியில் 8.2 என்று அளந்து குளிர் அறைக்கு எடுத்துப்போனால் அங்கே அது 8.8. குளிரில் செய்வதாக இருந்தால் அளப்பதையும் குளிரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். லைசோசைமுக்கு 25 டிகிரியே போதும் என்பது எங்கள் கணிப்பு.

அமிலத்திலுள்ள புரதம் 0.7 மில்லியைப் பஃபரில் சேர்க்க வேண்டும். இறுதிச் செறிவு மில்லிக்கு 0.05 மில்லிகிராம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஊற்றாமல், 70 மைக்ரோலிட்டராகப் பத்து நிமிட இடைவெளியில் விடுகிறோம். காந்தக் கலக்கி வேகமாகச் சுழலட்டும், ஆனால் நுரை வரக் கூடாது. நுரையின் மேற்பரப்பிலும் புரதம் திரியும். பிப்பெட் நுனி திரவத்துக்குள், சுழலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். பீக்கருக்குப் பின்னால் கறுப்புத் தாளை வைத்துப் பாருங்கள். சரியாகக் கலந்தால் நுனியிலிருந்து ஒளி நெளிவது போல ஒரு கணம் தெரிந்து மறையும். அந்த இடத்தில் பால் போன்ற இழை ஓடி, கலக்கியும் கரையாமல் தங்கினால் அது திரிந்த புரதம்; காத்திருப்பதால் அது திரும்ப வராது.

ஏன் இத்தனை நீர்த்தல்? மடிதல் என்பது ஒரு சங்கிலி தனக்குள் செய்துகொள்ளும் வேலை. பக்கத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது அதன் வேகத்தை மாற்றாது. ஒட்டுதலுக்குக் குறைந்தது இரண்டு சங்கிலிகள் சந்திக்க வேண்டும். செறிவு பத்து மடங்கானால் சந்திப்புகள் நூறு மடங்கோ அதற்கு மேலோ ஆகும். மில்லிக்கு 1 மில்லிகிராமில் எந்தத் துணைப்பொருளும் இல்லாமல் முயன்றால் பெரும்பகுதி அடியில் படியும். பிணைப்பு உடையாத லைசோசைம் ஒரு நொடிக்குள் மடிந்துவிடும். பிணைப்புகளை இழந்தது சரியான ஜோடிகளைத் தேடவே நிமிடங்கள், மணிகள் எடுக்கும். அந்த நேரம் முழுக்க அதன் நீர் விரும்பாப் பகுதிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

செறிவைக் கூட்டியே ஆக வேண்டுமென்றால் ஆர்ஜினின் ஹைட்ரோகுளோரைடு 0.5 மோலார், நூறு மில்லிக்கு 10.5 கிராம், நல்ல துணை. அது ஒட்டுதலைத் தடுக்கும். மடிந்த வடிவத்தைப் பெரிதாகக் குலைக்காது. ஹைட்ரோகுளோரைடு இல்லாத வெறும் ஆர்ஜினினை வாங்கியிருந்தால் பிஎச் 10-ஐத் தாண்டிவிடும். அமிலம் விட்டு இறக்குங்கள். 1 மோலார் குவானிடினை மிச்சம் விட்டு வைப்பதும் இதே வேலையைச் செய்யும். முழுதாக மடிந்த லைசோசைம் அந்த அளவைச் சாதாரணமாகத் தாங்கும். மற்ற எல்லாப் புரதத்துக்கும் இது பொருந்தாது.

மூன்று மணி நேரத்தில் பெரும்பகுதி முடிந்துவிடும். நாங்கள் இரவு முழுக்க மூடி வைக்கிறோம். மறுநாள் முதல் வேலையாக 350 நானோமீட்டரில் கலங்கலைப் பார்த்து, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேல்நீரை மட்டும் 280-ல் அளக்க வேண்டும். சுற்றாமல் அளந்தால் ஒளிச்சிதறலும் புரதக் கணக்கில் சேர்ந்துவிடும். ஒப்பீட்டுக்கு அதே குளுடாதயோன் பஃபரையே வைக்க வேண்டும், ஏனெனில் டைசல்பைடும் அங்கே கொஞ்சம் உறிஞ்சும். செம்பை வைத்துப் புரதத்தை அளக்கும் பிசிஏ முறை வேண்டாம். குளுடாதயோன் அதன் செம்பை ஒடுக்கி இல்லாத புரதத்தைக் காட்டும்.

கரைந்திருப்பதெல்லாம் மடிந்ததாகிவிடாது. அதனால் செயலை அளக்கிறோம்: லைசோசைம் உடைக்கும் பாக்டீரியாவான மைக்ரோகாக்கஸ் லைசோடெய்க்டிகஸ் உலர் செல்கள் மில்லிக்கு 0.25 மில்லிகிராம், பாஸ்பேட் பஃபர் பிஎச் 6.2, 450 நானோமீட்டரில் கலங்கல் குறையும் வேகம். நேர்கோடாக இறங்கும் முதல் நிமிடத்தை மட்டும் எடுங்கள். உப்பின் அளவு இந்த நொதியின் வேகத்தை நன்றாகவே மாற்றும். எனவே ஒப்பீட்டுக்கு அவிழ்க்காத லைசோசைமையும் அதே மடிப்பு பஃபரில், அதே செறிவில், அதே நேரம் வைத்திருந்துதான் அளக்க வேண்டும். தண்ணீரில் கரைத்த லைசோசைமோடு ஒப்பிட்டு வரும் விழுக்காட்டை நாங்கள் ஏற்பதில்லை.

செயல் வந்துவிட்டாலும் ஒரு கேள்வி மிச்சமிருக்கும். 76–94 பிணைப்பு மட்டும் இல்லாத ஓர் இடைநிலை வழியில் சேர்ந்து நிற்கும். வடிவில் அது முழுமையானதையே ஒத்திருப்பதால், உள்ளே புதைந்த அந்த இரண்டு சிஸ்டீன்கள் இணைய வெகு நேரமாகும். அதைப் பிடிக்க ஒரு பங்கை எடுத்து இருட்டில், தயோல்களில் ஒட்டிக்கொள்ளும் அயோடோஅசிட்டமைடு சேர்த்து நிறையளவியில் பார்க்கிறோம். ஒவ்வொரு வெறும் தயோலும் 57 டால்டன் கூட்டும். 14,305 என்றால் நான்கும் போட்டாயிற்று. 14,421-ல் ஒரு உச்சி நின்றால் ஒரு பிணைப்பு பாக்கி; இன்னும் சில மணி நேரம் விட்டுவைத்து மறுபடி பாருங்கள். 14,769 என்றால் எதுவுமே போடவில்லை.

கடைசியில் அந்த நூறு மில்லியைச் சுருக்க வேண்டும். லைசோசைமின் சமமின் புள்ளி, அதாவது மொத்த மின்னூட்டம் சுழியாகும் பிஎச், 11-ஐ ஒட்டி இருப்பதால் பிஎச் 8-லும் அது நேர் மின்னூட்டத்தோடே இருக்கும். ஆர்ஜினினோ குவானிடினோ சேர்க்காத கரைசலை நேராக, நேர் மின்னூட்டமுள்ளதைப் பிடிக்கும் எஸ்பி வகை கேட்டயான் பரிமாற்றக் காலத்தில் ஏற்றிப் பிடித்து, உப்பை ஏற்றிக்கொண்டே போய் இறக்கலாம். அவற்றைச் சேர்த்திருந்தால் முதலில் டயாலிசிஸ் செய்தே ஆக வேண்டும். இறங்கிய பங்குகளை பிஎச் 5 அசிடேட் பஃபருக்கு மாற்றி உறைய வைக்கிறோம். அந்த பிஎச்சில் மிச்சமிருக்கும் தயோல் ஏதும் பிணைப்புகளைக் கலைக்காது.