மறுப்புக் கடிதத்தைப் பத்தி பத்தியாகப் படியுங்கள்

பிரித்தானியாவில் தஞ்சம் கேட்கும் எம்மவர்களில், அதாவது இலங்கைத் தமிழர்களில் பலர், மறுப்புக் கடிதம் வந்ததும் முதல் பக்கத்தோடு மடித்து வைத்துவிடுகிறார்கள். மிச்சத்தைச் சொலிசிட்டர் பார்த்துக்கொள்வார் என்று நம்புகிறார்கள். 2019 தொடக்கத்தில் பிரித்தானிய உள்துறை அமைச்சிலிருந்து எனக்கு வந்த கடிதத்தை நான் வினாத்தாளாகவே எடுத்துக்கொண்டேன். எதை ஏற்கிறார்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்பதையெல்லாம் பத்திக்குப் பத்தி எண் போட்டு அவர்களே எழுதித் தந்திருக்கும்போது, பதில் எழுத வேறென்ன வேண்டும்?

முன்கதை சுருக்கம்தான். 2017இல் குரொய்டன் லூனர் ஹவுசில் தஞ்சம் கோரினேன். கைரேகை, புகைப்படம், சிறிய முதல் நேர்காணல். பிறகு பிரட்போர்ட்டில் பலரோடு பகிர்ந்துகொள்ளும் வீடொன்றில் ஓர் அறை தந்தார்கள். 2018இல் பெரிய நேர்காணல் நடந்தபோது, தஞ்சம் கோருவோருக்கு அரசு உதவிப்பணம் போடும் ஆஸ்பென் அட்டையில் வாரத்துக்கு 37.75 பவுண் விழுந்துகொண்டிருந்தது. வேலை செய்ய அனுமதி இல்லை. படிக்க மட்டும் நேரம் தாராளமாக இருந்தது.

கடிதம் வந்த வாரமே என் சொலிசிட்டர், வெற்றி வாய்ப்புக் குறைவு என்று சொல்லி விலகிக்கொண்டார். இது பலருக்கு நடக்கிறது. அரசின் சட்ட உதவி நிதியில் மேன்முறையீட்டை நடத்துவதற்கு வழக்கின் வலுவையும் பார்ப்பார்கள். அவர் விலகினால் கதை முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். மேன்முறையீட்டுக்கு உள்ள காலம் 14 நாள்தான். அது எவருக்காகவும் நிற்காது. படிவத்தை நானே நிரப்பி அனுப்பினேன். வாய்மொழி விசாரணைக்கான 140 பவுண் கட்டணம், அரசு ஆதரவில் வாழ்பவர்களுக்கு இல்லை. ஆதரவு தந்த கடிதத்தின் பிரதியை இணைத்தால் போதும்.

பிறகு ஒரு கொப்பியில் மூன்று கட்டமாகக் கோடு போட்டேன். முதலாவதில் கடிதத்தின் பத்தி எண், அடுத்ததில் அவர்கள் சொல்வது, மூன்றாவதில் என் பதிலும் அதற்கான ஆதாரமும்.

முதல் குற்றச்சாட்டு, நான் தடுத்து வைக்கப்பட்ட காலம் இரண்டு நேர்காணல்களிலும் ஒத்துப்போகவில்லை என்பது. பெரிய நேர்காணலை ஒலிப்பதிவு செய்கிறார்கள். அந்தப் பதிவைக் கேட்டு வாங்கலாம். வாங்கிக் கேட்டேன். "2012 கடைசி, இல்லாவிட்டால் 2013 தொடக்கம்" என்று என் குரல் தெளிவாகச் சொல்கிறது. எழுத்துப் பிரதியில் 2013 மட்டுமே இருந்தது. எந்த நிமிடம், எந்த விநாடி என்று குறித்து வைத்தேன். நேர்காணல் முடிந்த சில நாட்களுக்குள்ளேயே பிரதியை வாசித்துத் திருத்தம் அனுப்பிவிட்டால் இந்தச் சிக்கலே எழாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது, சொந்தக் கடவுச்சீட்டில் கட்டுநாயக்க விமான நிலையம் வழியாக வெளியேறியவனை யார் தேடப்போகிறார்கள் என்ற வாதம். எம்மவர் கடிதங்களில் இதை அடிக்கடி பார்க்கலாம். 2013இல் மேல் தீர்ப்பாயம் ஜிஜே என்ற இலங்கை வழக்கில் வழிகாட்டித் தீர்ப்பு வழங்கியது. தேடப்படும் ஒருவர்கூட விமான நிலையத்தால் வெளியேற முடியும் என்று அதில் சொல்லியிருக்கிறது. அந்தப் பத்தியை அப்படியே எடுத்து மூன்றாவது கட்டத்தில் ஒட்டினேன்.

மூன்றாவது தழும்புகள். வேறு வழியிலும் ஏற்பட்டிருக்கலாம் என்றார்கள். சித்திரவதைத் தழும்புகளை ஆராயும் மருத்துவர்கள் இஸ்தான்புல் நெறிமுறை என்ற சர்வதேச வழிகாட்டியைப் பின்பற்றுகிறார்கள். சொல்லப்படும் காரணத்தோடு காயம் எவ்வளவு பொருந்துகிறது என்பதை அதில் படிநிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஆகவே "தழும்பு இருக்கிறது" என்று மட்டும் எழுதும் மருத்துவக் கடிதம் அவ்வளவாக உதவாது. எந்த அளவு பொருந்துகிறது என்று எழுதியிருக்க வேண்டும். அந்த மார்ச் மாதத்தில்தான் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் கேவி என்ற தமிழரின் வழக்கில் தீர்ப்பளித்தது. தஞ்சம் பெறுவதற்காக ஒருவர் வேறொருவரைக் கொண்டு தனக்கே சூடு வைத்துக்கொள்வது மிக அரிது என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்றது அது. படித்தபோது சிரிப்பு வந்தது. இதைச் சொல்ல உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்திருக்கிறது!

கடைசிப் பத்திதான் எனக்கு அதிக வேலை தந்தது: சொன்னதெல்லாம் உண்மையாகவே இருந்தாலும், இன்று உமக்கு என்ன ஆபத்து? எம்மவர் பட்ட துன்பத்தை விரிவாகச் சொல்கிறார்கள், இந்தக் கேள்வி வந்ததும் திணறுகிறார்கள். சட்டம் பார்ப்பது திரும்பிப் போனால் என்ன நடக்கும் என்பதை. ஜிஜே தீர்ப்பு யாருக்கெல்லாம் ஆபத்து என்று வகைப்படுத்துகிறது. பிடியாணை இருப்பவர்கள் அதில் ஒரு வகை. என்னைத் தேடி வீட்டுக்கு வந்தவர்கள் பற்றி அம்மாவிடமிருந்து கடிதம் பெற்றேன். ஊரிலுள்ள சட்டத்தரணி நீதிமன்றப் பதிவைப் பார்த்து எழுதிய கடிதம், அது வந்த தபால் உறையோடு சேர்ந்தது. உறையை வீசாதீர்கள். புலம்பெயர் அரசியலில் ஈடுபட்டவர்கள் 2021இல் வந்த கேகே, ஆர்எஸ் என்ற இலங்கை வழக்கின் தீர்ப்பையும் படிக்க வேண்டும். 2022 ஜூன் 28இலும் அதற்குப் பிறகும் தஞ்சம் கோரியவர்களிடம் ஆதாரம் கூடுதல் வலுவோடு எதிர்பார்க்கப்படுகிறது. காசுக்குக் கதையும் கடிதமும் செய்து தருகிறோம் என்பவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஒரு போலித் தாள் உங்கள் உண்மை முழுவதையும் தின்றுவிடும்.

அந்தக் கொப்பியைப் புரட்டிப் பார்த்த இன்னொரு சொலிசிட்டர் வழக்கை எடுத்துக்கொண்டார். பிரட்போர்ட் தீர்ப்பாயத்தில் விசாரணை. மொழிபெயர்ப்பாளர் பேசுவது விளங்குகிறதா என்று நீதிபதி முதலில் கேட்பார்; விளங்காவிட்டால் அப்போதே சொல்ல வேண்டும். எதிர்த்தரப்பு அதிகாரி கேட்டவற்றில் பெரும்பாலானவை நான் கொப்பியில் எழுதியவைதான். ஞாபகம் இல்லாத ஒன்றுக்கு "ஞாபகம் இல்லை" என்றேன். அதற்காக யாரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை.

தீர்ப்பு தபாலில் வந்தது. மேன்முறையீடு ஏற்கப்பட்டிருந்தது, ஐந்தாண்டு வதிவிட அனுமதி கிடைத்தது. அகதி என்று ஏற்றதும் 28 நாளில் வீடும் வாராந்தப் பணமும் நிற்கும் என்பது அப்போதைய விதி. யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவிப்பணத்தில் முதல் பணம் வர ஐந்து வாரம். ஆகவே அனுமதி கைக்கு வந்த அன்றே விண்ணப்பித்து, முற்பணமும் கேளுங்கள். கேட்காமல் யாரும் அதைத் தர மாட்டார்கள்.