ஒப்புதலுக்குக் காத்திருக்கும் விளையாட்டுகள்

வீடியோ கேம் உருவாக்கும் தொழிலில் நிரலாளராகச் சேர்ந்து, பின்னர் சிறிய ஸ்டுடியோக்களில் திட்டங்களை நடத்தும் பொறுப்புக்கு வந்தவன் நான். வெளியீட்டு நிறுவனங்கள் மீது எங்களுக்கு இருக்கும் மனக்குறை முழுவதும் லாபப் பங்கைப் பற்றியது என்றுதான் தொழிலுக்கு வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். பங்கும் ஒரு பிரச்சினைதான். ஆனால் நான் அருகிலிருந்து பார்த்த ஸ்டுடியோக்களில் பல, வேறொரு நிறுவனத்தில் யாரோ ஒருவர் முடிவெடுக்கும் வரை சம்பளம் கொடுத்துக்கொண்டே காத்திருந்ததால் நொடித்துப்போயின. அந்தக் காத்திருப்பு எப்படி உருவாகிறது, அதன் சுமை ஏன் எப்போதும் ஒரே பக்கத்தில் விழுகிறது என்பதை எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

ஒரு விளையாட்டுக்குப் பணம் தர வெளியீட்டு நிறுவனம் ஒப்புக்கொண்டால், அந்தத் தொகை ஒரே தவணையில் வருவதில்லை. உருவாக்கக் காலம் முழுவதும் மைல்ஸ்டோன்களாகப் பிரிக்கப்படும். முதல் மாதிரி, வெர்ட்டிகல் ஸ்லைஸ் எனப்படும் முழுத் தரத்திலான ஒரு சிறு பகுதி, ஆல்ஃபா, பீட்டா, இறுதி வடிவம் என ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பில்டை, அதாவது அதுவரை முடிந்த விளையாட்டை ஓட்டிப் பார்க்கக்கூடிய ஒரு பதிப்பை, அனுப்ப வேண்டும். அவர்கள் அதை விளையாடிப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். ஒப்புதல் கிடைத்த பிறகே இன்வாய்ஸ் அனுப்ப முடியும். அதற்கும் பிறகு ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ கழித்துத்தான் பணம் வங்கிக் கணக்குக்கு வரும். இதற்கிடையில் ஸ்டுடியோவின் செலவு ஒரு நாளும் நிற்பதில்லை, ஏனென்றால் அந்தச் செலவில் மிகப் பெரும்பகுதி மனிதர்களின் சம்பளம். அடுத்த மைல்ஸ்டோனுக்கான வேலையைத் தொடங்காமலும் இருக்க முடியாது; ஒப்புதல் தாமதமானாலும் அடுத்த கெடு தள்ளிப்போவதில்லை.

ஒப்புதலுக்கான அளவுகோல் ஒப்பந்தத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. விளையாட்டின் முதல் மூன்று நிலைகள் தொடக்கம் முதல் முடிவு வரை விளையாடக்கூடியதாக இருக்க வேண்டும், இன்ன கருவியில் விநாடிக்கு 30 ஃபிரேம் வேகத்தில் ஓட வேண்டும் என்று எழுதியிருந்தால், அது நிறைவேறியதா இல்லையா என்பதை இரு தரப்பும் சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம். நிறுவனத்துக்குத் திருப்தி அளிக்கும் தரத்தில் இருக்க வேண்டும் என்று மட்டும் எழுதியிருந்தால் அதைச் சோதிக்க வழியே இல்லை. இத்தனை நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் ஒப்புதல் கிடைத்ததாகக் கருதப்படும் என்ற ஒற்றை வரி, ஒரு சிறிய ஸ்டுடியோவின் உயிரைக் காக்கக்கூடியது. அந்த வரி இல்லாத ஒப்பந்தங்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

நான் பொறுப்பேற்றிருந்த திட்டங்களில் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் விளையாட்டைத் தேர்ந்தெடுத்து, தன் நிறுவனத்துக்குள் அதற்காக வாதாடி, பணம் ஒதுக்க வைத்த புரொட்யூசர், உருவாக்கம் பாதி முடிந்திருந்தபோது வேறு வேலைக்குப் போய்விட்டார். அதன் பின் எங்கள் பில்டைப் பார்க்க யாரும் இல்லை. அனுப்பிய மின்னஞ்சல்களுக்கு, புதியவர் நியமிக்கப்பட்டதும் தொடர்புகொள்வார் என்ற பதிலே திரும்பத் திரும்ப வந்தது. புதியவர் வந்தபோது, தனியாள் ஆடும் கதை விளையாட்டாக வடிவமைக்கப்பட்ட எங்கள் படைப்பில் பலர் சேர்ந்து ஆடும் வசதியை ஏன் வைக்கவில்லை என்று கேட்டார். அந்த வசதியைப் பின்னால் ஒட்டவைக்க முடியாது. தரவு எங்கே சேமிக்கப்படுகிறது, எதிரிகளின் இயக்கம் எந்தக் கணினியில் கணக்கிடப்படுகிறது என்பதில் தொடங்கி அடித்தளம் முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கும். இதை விளக்கி அறிக்கை எழுதினோம், மாற்று யோசனைகளை அனுப்பினோம், செலவுக் கணக்கும் தந்தோம். நிலுவையில் இருந்த மைல்ஸ்டோனுக்கு ஒப்புதல் வரவில்லை. அந்த மாதங்களில் எங்கள் குழுவினர் செய்த வேலை, நான் பார்த்தவற்றிலேயே மிகச் சிறந்த வேலை. கடைசியில், நிறுவனத்தின் வெளியீட்டு உத்தி மாறிவிட்டது என்று ஒரு பத்தி அளவில் கடிதம் வந்தது. விளையாட்டின் தரத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

இப்படிக் காரணம் காட்டாமல் முடித்துக்கொள்ளும் உரிமை பெரும்பாலான ஒப்பந்தங்களில் வெளியீட்டு நிறுவனத்துக்கு மட்டும் உண்டு. ஸ்டுடியோவுக்கு அது இருக்காது. அதுவரை கொடுத்த பணத்துக்கு ஈடாக விளையாட்டின் பெயர், நிரல், ஓவியங்கள், இசை எல்லாம் அவர்களிடமே தங்கிவிடலாம். அவர்கள் வெளியிடவும் மாட்டார்கள். நாம் வேறு எவரிடமும் கொண்டுபோகவும் முடியாது. உரிமையைத் திரும்பப் பெற வேண்டுமானால் செலவிட்ட தொகை முழுவதையும் முதலில் கட்டச் சொல்வார்கள். வருமானமே நின்றுபோன ஒரு ஸ்டுடியோவிடம் அதைக் கேட்பது, கொடுக்க மறுப்பதற்குச் சமம்.

பெரிய பெயர் உள்ளவர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. டபுள் ஃபைன் ஸ்டுடியோ 'ப்ரூட்டல் லெஜண்ட்' என்ற விளையாட்டை விவெண்டி குழுமத்துக்காக உருவாக்கிக்கொண்டிருந்தது. 2008-ல் விவெண்டியின் விளையாட்டுப் பிரிவும் ஆக்டிவிஷனும் இணைந்தபோது, இணைந்த நிறுவனத்தின் பட்டியலில் அதற்கு இடம் இல்லாமல் போனது. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் அதை வெளியிட முன்வந்த பிறகு, வெளியீட்டைத் தடுக்கக் கோரி ஆக்டிவிஷன் 2009-ல் வழக்குத் தொடர்ந்தது. சமரசம் ஏற்பட்டு அதே ஆண்டு அக்டோபரில் விளையாட்டு வெளிவந்தது. வழக்கைச் சந்திக்கும் வலுவும், கைகொடுக்க இன்னொரு பெரிய நிறுவனமும் இல்லாத ஒரு குழுவுக்கு அந்த முடிவு கிடைத்திருக்காது.

ஆக்டிவிஷனே உருவாக்குநர்களின் மனக்குறையிலிருந்து பிறந்த நிறுவனம் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் வரலாறு. அடாரி நிறுவனத்தில் விளையாட்டுகளை எழுதியவர்களின் பெயர் பெட்டியில் இடம்பெறாது. விற்பனையில் பங்கும் கிடையாது. டேவிட் கிரேன், ஆலன் மில்லர், பாப் வைட்ஹெட், லாரி கப்லான் ஆகிய நான்கு நிரலாளர்கள் அங்கிருந்து வெளியேற, அவர்களைக் கொண்டு 1979-ல் ஆக்டிவிஷன் தொடங்கப்பட்டது. விளையாட்டை எழுதியவரின் பெயரை வெளிப்படையாக அச்சிட்டு விற்றார்கள். அடாரியில் வேலை செய்தபோது வாரன் ராபினெட் என்ற நிரலாளர் தன் பெயரைத் தன் விளையாட்டுக்குள் ஓர் அறையில் யாருக்கும் தெரியாமல் ஒளித்துவைக்க வேண்டியிருந்தது. செய்தவருக்கு உரிய மதிப்பைக் கொடுப்பதற்காகத் தொடங்கிய நிறுவனமும், வளர்ந்து பெரிதானதும், தாம் எதிர்த்த இடத்துக்கே வந்து சேர்ந்தது. ஆகவே இதைச் சில கெட்ட மனிதர்களின் குற்றமாக நான் பார்ப்பதில்லை. பணத்தை வைத்திருப்பவரே ஒப்பந்த வரைவையும் எழுதும் அமைப்பில், எவர் அந்த நாற்காலியில் அமர்ந்தாலும் இதுவே நடக்கிறது.

இனி பங்குக் கணக்கு. மைல்ஸ்டோன்களாக நிறுவனம் தரும் மொத்த முன்பணம் 100 என்றும், விற்பனையில் ஸ்டுடியோவின் ராயல்டி 25 விழுக்காடு என்றும் வைத்துக்கொள்வோம். முன்பணத்தை ஸ்டுடியோவின் பங்கிலிருந்து மட்டுமே கழித்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம் சொன்னால், நிகர வருவாய் 400 ஆகும் வரை ஸ்டுடியோவுக்கு எதுவும் வராது. அதற்குள் வெளியீட்டு நிறுவனம் தான் கொடுத்ததைப் போல் நான்கு மடங்கு பெற்றிருக்கும். முழு வருவாயிலிருந்தும் முன்பணத்தைக் கழித்துவிட்டு அதன் பின் பங்கிடுவதே நியாயமான முறை. நிகர வருவாய் என்பதற்கும் விளையாட்டை விற்கும் இணையக் கடை எடுத்துக்கொள்ளும் 30 விழுக்காடு, வாங்கியவர்களுக்குத் திருப்பித் தரப்பட்ட தொகை, வரி, விளம்பரச் செலவு என்று கழிவுகள் நீண்டுகொண்டே போகலாம். விளம்பரச் செலவுக்கு உச்சவரம்பு இல்லாத ஒப்பந்தத்தில், ராயல்டி எப்போது வரும் என்பதை அந்தச் செலவைச் செய்கிறவரே முடிவு செய்கிறார். கணக்குப் புத்தகங்களைத் தணிக்கை செய்யும் உரிமை இருந்தாலும், தணிக்கையாளருக்குக் கொடுக்கப் பணம் வேண்டுமே.

இன்னொரு வழக்கம், விமர்சகர்களின் சராசரி மதிப்பெண்ணோடு ஊக்கத்தொகையை இணைப்பது. 2010-ல் வெளிவந்த 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்' விளையாட்டுக்காக அப்சிடியன் ஸ்டுடியோ பெற்றது ஒரு குறிப்பிட்ட தொகை மட்டுமே, ராயல்டி இல்லை, விமர்சன மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் 85 வந்தால் ஊக்கத்தொகை உண்டு என்பது ஏற்பாடு என, அந்த ஸ்டுடியோவின் நிறுவனர்களில் ஒருவரான கிறிஸ் அவெலோன் பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். கிடைத்தது 84. அந்தச் சராசரியில் குறைபாட்டுச் சோதனைக்கு ஒதுக்கப்பட்ட காலமும், வெளியீட்டு நாளைத் தீர்மானித்தவரின் முடிவும் கலந்திருக்கும்; ஆனால் அந்த ஒரு புள்ளியை இழப்பவர் உருவாக்குநர் மட்டுமே.

வெளியீட்டு நிறுவனங்கள் தேவையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கன்சோல்களுக்கான தொழில்நுட்பச் சான்று பெறுவது, பல மொழிகளில் பெயர்ப்பது, நூற்றுக்கணக்கான கணினி அமைப்புகளில் சோதிப்பது, வெளியீட்டு வாரத்தில் ஊடகங்களின் கவனத்தைப் பெறுவது ஆகியவற்றை நன்றாகச் செய்யும் நிறுவனங்களோடும் நான் வேலை செய்திருக்கிறேன். அவர்கள் பணம் போடும் விளையாட்டுகளில் பல, போட்ட முதலைத் திரும்ப எடுப்பதில்லை என்பதும் உண்மை. நாங்களே வெளியிட்டுக்கொள்ளும் வழியும் எளிதல்ல. 2017 முதல் 100 டாலர் கட்டினால் எவரும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் ஒரு விளையாட்டை வெளியிடலாம்; அதனாலேயே அங்கு இப்போது ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விளையாட்டுகள் வந்து குவிகின்றன. 2018-ல் ஸ்டீம் தன் பங்கைக் குறைத்தபோதும், ஒரு விளையாட்டின் வருவாய் ஒரு கோடி டாலரைத் தாண்டிய பின்னரே அது 25 விழுக்காடாகும் என்று வைத்தது. தேவை மிகுந்த சிறியவர்களுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.

நிறுவனத்துக்கே சொந்தமான ஸ்டுடியோவில் வேலை கிடைத்தால் பாதுகாப்பு என்ற நம்பிக்கையும் அண்மைக் காலத்தில் தகர்ந்துவிட்டது. பல ஸ்டுடியோக்களை வைத்திருந்த எம்ப்ரேசர் குழுமம் எதிர்பார்த்திருந்த 200 கோடி டாலர் ஒப்பந்தம் 2023-ல் கைகூடாமல் போக, அதைத் தொடர்ந்த சீரமைப்பில், 1993-ல் தொடங்கிய, அக்குழுமத்துக்குச் சொந்தமான வொலிஷன் ஸ்டுடியோ அதே ஆண்டு மூடப்பட்டது. 'ஹை-ஃபை ரஷ்' என்ற, பரவலாகப் பாராட்டப்பட்ட விளையாட்டை உருவாக்கிய, தனக்குச் சொந்தமான டாங்கோ கேம்வொர்க்ஸ் ஸ்டுடியோவை மூடப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2024 மே மாதம் அறிவித்தது. பின்னர் கிராஃப்டன் நிறுவனம் முன்வந்து அந்த விளையாட்டின் உரிமையைப் பெற்று, குழுவினரையும் ஏற்றுக்கொண்டது. நல்ல வேலை செய்தால் வேலை நிலைக்கும் என்று புதிதாகச் சேரும் இளைஞர்களிடம் முன்பு சொல்லிவந்தேன். இப்போது அந்த வாக்குறுதியை என்னால் கொடுக்க முடியவில்லை.

அவர்கள் கேட்டால் ஒப்பந்தத்தைப் பற்றித்தான் பேசுகிறேன். ஒப்புதலுக்குக் கெடு நாள், அந்த நாள் தாண்டினால் தானாக ஒப்புதல், காரணமின்றி ரத்து செய்தால் குறைந்தது சில மாதச் சம்பளத்துக்கான இழப்பீடு, குறிப்பிட்ட காலத்துக்குள் வெளியிடாவிட்டால் உரிமை முழுவதும் ஸ்டுடியோவுக்குத் திரும்புதல்: விழுக்காட்டைப் பற்றி வாதாடுவதற்கு முன் இவற்றைக் கேட்கச் சொல்கிறேன். ஏற்கெனவே அந்த நிறுவனத்தோடு வேலை செய்தவர்களிடம், குறிப்பாக விளையாட்டு ரத்தானவர்களிடம், பேசிப் பார்க்கவும் சொல்கிறேன். ஆனால் ரகசியக் காப்பு ஒப்பந்தங்கள் காரணமாக அவர்களில் பலரால் வாய் திறக்க முடிவதில்லை. 2021-ல் ரா ஃபியூரி என்ற வெளியீட்டு நிறுவனம் தன் ஒப்பந்த வரைவை எவரும் படிக்கும்படி பொதுவில் வைத்தது. எந்த விதி வழக்கமானது, எது தங்கள் மீது மட்டும் திணிக்கப்படுகிறது என்று தெரியாமல் கையெழுத்திட்டு வந்த சிறிய குழுக்களுக்கு, பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க அன்று ஓர் ஆவணம் கிடைத்தது. மற்ற நிறுவனங்களும் தங்கள் வரைவுகளை அப்படியே வெளியிட வேண்டும் என்று நான் கேட்கிறேன்; அதைச் செய்ய அவர்களுக்கு எந்தத் தொழில்நுட்பமும் தேவையில்லை, பெரிய செலவும் இல்லை.