கச்சான் தூளுடன் ஒன்பது மாதங்கள்

என் மகளுக்கு இரண்டு வயதாக இருந்தபோது, கச்சான் (நிலக்கடலை) வெண்ணெய் தடவிய பாணை ஒரு கடி கடித்த பத்து நிமிடங்களுக்குள் உதடு வீங்கி, உடலெங்கும் தடிப்புகள் எழும்பி, மூச்சு இரையத் தொடங்கியது. கச்சான் ஒவ்வாமை. அதன் பிறகு ஆறு ஆண்டுகள் எங்கள் லண்டன் வீட்டுக்குள் கச்சான் நுழையவில்லை. "நல்லூர்த் திருவிழாவுக்குப் போய்க் கச்சான் கொறிக்காத பிள்ளை உண்டோ?" என்று யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசியில் கேட்கும் என் அம்மாவுக்கு, ஒரு துணுக்குகூடப் பேத்தியின் உயிருக்கு ஆபத்தாகலாம் என்பதைப் புரியவைக்க நெடுநாள் பிடித்தது.

இந்த ஒவ்வாமையுள்ள 4 முதல் 17 வயது வரையான பிள்ளைகளுக்கு, சிறுகச் சிறுகக் கூட்டிக் கொடுத்து உடலைக் கச்சானுக்குப் பழக்கும் பால்ஃபோர்சியா என்னும் கச்சான் புரதத் தூளை இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையில் வழங்கலாம் என்ற பரிந்துரை 2022 பெப்ரவரியில் வந்தது. எங்கள் முறை வந்தபோது மகளுக்கு எட்டு வயது.

முதல் சந்திப்பில் மருத்துவர் இரண்டு கணக்குகளை எங்கள் முன் வைத்தார். 2018இல் வெளியான ஆய்வில், இந்தத் தூளை எடுத்த பிள்ளைகளில் 67.2 சதவீதத்தினர் இறுதிச் சோதனையில் 600 மில்லிகிராம் கச்சான் புரதத்தை ஒரே தடவையில் தாங்கிக்கொண்டனர். ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெறுந்தூள் எடுத்தவர்களில் 4 சதவீதத்தினரே தாங்கினர். ஆனால் 2019இல் 12 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கச்சானை வாய்வழியே கொடுக்கும் சிகிச்சை பெற்றவர்களில் 22.2 சதவீதத்தினருக்கும், பெறாதவர்களில் 7.1 சதவீதத்தினருக்கும் அனாஃபிலாக்சிஸ் என்ற கடும் ஒவ்வாமைத் தாக்கம் ஏற்பட்டிருந்தது. தவறுதலாக வாய்க்குள் போகும் கச்சானிலிருந்து காக்க வந்த மருந்தே, அதை எடுக்கும் காலத்தில் தாக்கங்களைக் கூட்டுகிறது என்று அவர் மறைக்காமல் சொன்னதால்தான் நான் சம்மதித்தேன். ஆஸ்துமா கட்டுக்குள் வந்த பின்பே தொடங்கலாம் என்றும் சொன்னார். அதற்கே மூன்று மாதங்கள் போயின.

முதல் நாள் மருத்துவமனையில் 0.5 மில்லிகிராமில் தொடங்கி, இடைவெளி விட்டு, ஐந்து தடவைகளில் 6 மில்லிகிராம் வரை கொடுத்தார்கள். மறுநாள் 3 மில்லிகிராம். பின்னர் அதே அளவை வீட்டில் தினமும் கொடுத்து, இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை மருத்துவமனையில் அடுத்த படிக்கு ஏற வேண்டும். 300 மில்லிகிராமை எட்ட 11 படிகள். அது ஏறத்தாழ ஒரு கச்சான் பருப்பில் உள்ள புரதம்தான். எல்லாம் சரியாக நடந்தால் 22 வாரங்கள். எங்களுக்கு ஒன்பது மாதங்கள் ஆயின.

வீட்டில் என் வேலை எளிதாகத்தான் தோன்றியது. தூள் அடைத்த குளிகையை விழுங்கக் கூடாது. இரண்டாகத் திருகித் திறந்து, ஓட்டில் ஒட்டியதையும் விரலால் தட்டிக் கொட்டி, குளிர்ந்த தயிரில் கலந்து, வயிறு நிறைந்த பின் ஊட்ட வேண்டும். அதன் பின் மூன்று மணி நேரம் ஓட்டம், ஆட்டம், சுடுநீர்க் குளியல் எதுவும் கூடாது. உடனே உறங்கவும் கூடாது. காய்ச்சல் வந்தால் கொடுக்காமல் மருத்துவமனையைக் கேட்க வேண்டும்.

80 மில்லிகிராம் படியில் ஒன்பது நாட்கள் எந்தத் தொல்லையும் இல்லாததால் எனக்கு அசட்டைத் துணிச்சல் வந்துவிட்டது. பத்தாவது நாள் அவளுக்குத் தடிமன் (சளி) தொடங்கியிருந்தது. காய்ச்சல் இல்லையே என்று கொடுத்துவிட்டேன். நான் சமையலறையில் நின்ற நேரத்தில் அவள் மாடியில் பரதநாட்டிய அடவுகளைப் பழகத் தொடங்கியிருக்கிறாள். அரை மணி நேரத்தில் இருமிக்கொண்டே இறங்கி வந்தாள். கழுத்தில் தடிப்புகள், குரல் கம்மியிருந்தது. கடும் ஒவ்வாமைத் தாக்கத்துக்கான அவசர ஊசியான அட்ரினலின் பேனாவைத் தொடையின் வெளிப்பக்கத்தில் காற்சட்டைக்கு மேலாகவே அழுத்திப் பிடித்து, அவளைப் படுக்கவைத்து, 999க்கு அழைத்தேன். அம்புலன்ஸ் வருவதற்குள் இருமல் தணிந்துவிட்டது. என் கை நடுக்கந்தான் தணியவில்லை.

முந்தைய நாள் தாங்கிய அதே 80 மில்லிகிராம்தான் அது. தொற்றும் உடலுழைப்பும் தாங்கும் எல்லையைக் கீழே இறக்கிவிடும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். காதில் வாங்கியிருந்தேன், கடைப்பிடிக்கவில்லை. அவர்கள் ஒரு படி இறக்கி 40இல் மீண்டும் தொடங்கினார்கள். அதன் பின் தூள் கொடுக்கும் நேரத்தைப் பள்ளி விட்டு வந்து சாப்பிட்டவுடன் என்று மாற்றி, அடுத்த மூன்று மணி நேரமும் அவளை வீட்டுப்பாடம், சித்திரம் என்று என் கண்முன்னே இருத்திவைத்தேன். நடன வகுப்புள்ள நாளில் வகுப்பு முடிந்து, உடல் ஆறிய பிறகே தூள்.

ஆய்வாளர்கள் இதைவிட ஆபத்துக் குறைந்த வழிகளைத் தேடுவதை இப்போது அக்கறையுடன் வாசிக்கிறேன். ஒவ்வாமையைத் தூண்டும் ஐஜிஈ எதிர்ப்பொருளைப் பிடித்து முடக்கும் ஒமலிசுமாப் ஊசிக்கு, உணவு ஒவ்வாமைக்காக அமெரிக்கா 2024 பெப்ரவரியில் அனுமதி அளித்தது; அங்கு நடந்த ஆய்வில் 67 சதவீதத்தினர் 600 மில்லிகிராம் கச்சான் புரதத்தைத் தாங்கினர், மருந்தில்லாத வெற்றூசி பெற்றவர்களில் 7 சதவீதத்தினரே. ஊசிக்காகக் கச்சானைத் தின்ன வேண்டியதில்லை என்பது பெரிய ஆறுதல். ஆனால் ஊசியைத் தொடர்ந்து போட்டால்தான் காப்பு. இன்னொரு வழியான, முதுகில் ஒட்டும் பட்டையில் 250 மைக்ரோகிராம் கச்சான் புரதமே உள்ளது, அதாவது மகள் எடுக்கும் 300 மில்லிகிராமில் 1,200இல் ஒரு பங்கு. அதை ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைகளிடம் சோதித்த முடிவுகள் 2023இல் வெளியாகின. அவளுக்கு இரண்டு வயதிலேயே அது கிடைத்திருந்தால் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

இப்போது அவள் தினமும் 300 மில்லிகிராம் எடுக்கிறாள். வாசனை பிடிக்காததால் தயிருக்குப் பதிலாக மாம்பழக்கூழில் கலக்கிறேன். கச்சான் தின்ன அவளுக்கு இன்னும் அனுமதி இல்லை. புத்தகப் பையில் இரண்டு பேனாக்கள் எப்போதும் இருக்கின்றன.