ஒட்டிப்போன கன்னம்

2005-ல் எச்ஐவி வைரஸைக் கட்டுப்படுத்தும் ஏஆர்டி மாத்திரை தொடங்கினேன். அந்தக் கூட்டு மருந்தில் ஸ்டாவுடின் என்ற மருந்து இருந்தது. அன்று உயிரைக் காப்பாற்றியது அதுதான், மறக்க மாட்டேன். ஆனால் மூன்றாம் வருடம் கன்னம் ஒட்டிப்போனது. தோலுக்கடியில் கொழுப்பு கரைந்து, கையில் நரம்பு கயிறு மாதிரி புடைத்து நின்றது. “ஏன்டி, சரியா சாப்பிடறதில்லையா?” என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்கும்போதெல்லாம் உள்ளுக்குள் பதறும். முகமே நம்மைக் காட்டிக்கொடுத்துவிடுமோ என்ற பயம்.

2009-ல் உலக சுகாதார நிறுவனம் ஸ்டாவுடினைப் படிப்படியாகக் கைவிடச் சொன்னது. அப்புறம் எனக்கும் மாற்றினார்கள். போன கொழுப்பு முழுசாகத் திரும்பவில்லை.

இப்போது எடுப்பது டோலுடெக்ராவிர் என்ற எச்ஐவி மாத்திரை. வைரஸ் கட்டுக்குள் இருக்கிறது. எடைதான் இரண்டு வருடத்தில் 7 கிலோ கூடிவிட்டது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 118. மாத்திரையை நிறுத்தும் எண்ணமே இல்லை. அடுத்த மாதம் கொலஸ்ட்ராலும் பார்க்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன்.