தம்பி சட்டையில ஒரு கியூஆர் கோடு

எங்க சித்தி பையனுக்குப் பொறந்ததுலருந்தே காது கேக்காது. சைகையில பேச ஆரம்பிச்சான்னா அந்த வேகத்துக்கு நம்மளால ஈடு கொடுக்க முடியாது. ஆனா திருநெல்வேலி டவுன்ல ஒரு டீக்கடையில போய் நின்னா போதும், எல்லாரும் என்னையப் பாத்து "தம்பி என்ன சொல்லுதான்"னு கேப்பாங்க, அவன்கிட்ட யாரும் கேக்க மாட்டாங்க. இது எனக்கு ரொம்ப நாளா மனசுல உறுத்திக்கிட்டே இருந்துச்சு.

அதான் நெல்லையப்பர் கோயில் ஆனித் தேருக்கு அவனுக்கு ஒரு டீசர்ட் அடிச்சோம், நெஞ்சுல கியூஆர் கோடு. 1994ல ஜப்பான்ல டென்சோ வேவ் கம்பெனி கார் பார்ட்ஸ் கணக்கு பாக்கக் கண்டுபிடிச்ச சமாச்சாரம், நம்ம மளிகைக் கடை வரைக்கும் வந்தாச்சு, சட்டைக்கும் வரட்டுமேன்னு தோணுச்சு. கோடுக்குள்ள லிங்க் வேண்டாம், எழுத்தையே வச்சிருவோம்னு முடிவு பண்ணோம், ஏன்னா தேர்க் கூட்டத்துல சிக்னல் கிடைக்காது, எழுத்துன்னா நெட் இல்லாமலே வாசிச்சிரலாம். ஆனா தமிழ்ல ஒவ்வொரு எழுத்துக் குறிக்கும் மூணு பைட் இடம் போகுது, நாலு வரி எழுதுனாலே கட்டம் பொடிப்பொடியா நெருங்கிருது. அதனால அவனே சுருக்கி எழுதுனான்: "எனக்குக் காது கேக்காது. போன்ல டைப் பண்ணுங்க, பேசுவோம்." போன் நம்பர், அட்ரஸ் எதுவும் போடல, முன்னபின்ன தெரியாதவங்க கைக்கு அது போகக் கூடாது.

முதல்ல அடிச்ச சட்டை வீணாப் போச்சு. கறுப்புத் துணியில வெள்ளைக் கோடு, பாதி போன்ல எடுக்கல, துணி வேற இழுபட்டு கட்டமெல்லாம் கோணிக்கிச்சு. ரெண்டாவது வெள்ளைச் சட்டை, இழுபடாத காட்டன், கறுப்புல கோடு, சுத்தி நல்லா இடம் விட்டு அடிச்சோம். டப்புனு எடுத்துச்சு.

தேர் அன்னிக்கு வாகையடி முக்குல ஒரு அண்ணாச்சி, தோள்ல துண்டு, "இது என்னடே"ன்னு என்கிட்டதான் கேட்டாரு. நான் சட்டையக் கைகாட்டுனேன். ஸ்கேன் பண்ணி வாய்விட்டு வாசிச்சாரு, ஒரு நிமிசம் சும்மா நின்னாரு, அப்புறம் ஒத்த விரலால தட்டித் தட்டி "எந்த ஊரு தம்பி"ன்னு டைப் பண்ணி அவன்கிட்ட நீட்டுனாரு. இவன் களக்காடுன்னு அடிக்க, அவரு "ஏத்தன் வாழை இப்ப என்ன வெல போவுது"ன்னு அடிக்க, அரை மணி நேரம் அந்தப் போன் ரெண்டு கைக்கும் மாறி மாறிப் போச்சு. வடம் பிடிக்கப் போகும்போதும் அவனைத்தான் கையப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போனாரு.