கண்ணுக்குள் ஊற்ற ஒரு ஜெல்: ஆய்வகத்தில் நான் பட்ட பாடு

அம்மாவுக்கு விழித்திரை கழன்றபோது அறுவை செய்து கண்ணுக்குள் வாயு ஏற்றினார்கள். அதன்பிறகு ஒரு வாரம், கிள்ளான் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தலையணையைப் போட்டு நெற்றியைக் கவிழ்த்தபடியே கிடந்தார். சோறு, தூக்கம், பக்கத்து வீட்டு அக்காவோடு பேச்சு எல்லாம் குனிந்த தலையோடுதான். கழன்ற விழித்திரையை அந்த வாயுதான் அழுத்திப் பிடிக்க வேண்டும். வாயு மேலே மிதக்கும். விழித்திரை இருப்பதோ கண்ணின் பின்சுவரில். பின்சுவர் மேலே வரவேண்டுமானால் முகம் தரையைப் பார்த்தாக வேண்டும். வாயு கரையும்வரை விமானமும் கூடாது, கேமரன் மலையும் கூடாது என்றார்கள். உயரம் ஏறினால் குமிழி விரிந்து கண் அழுத்தம் எகிறிவிடுமாம். அந்த மலையில், தானா ராத்தாவில் நடந்த சித்தி மகள் கல்யாணத்தை அம்மா போனில்தான் பார்த்தார், அதுவும் ஒற்றைக் கண்ணால்.

கோலாலம்பூரில் பாலிமர் வேதியியல் முதுகலை ஆய்வுக்கு நான் தலைப்பு தேடிக்கொண்டிருந்த நேரம் அது. இனி எதற்குத் தேடுவது?

கண்ணுக்குள் நிறைந்திருக்கும் தெளிவான கூழான விட்ரியஸ் சுமார் 4 மில்லி. அதில் 98, 99 சதவீதம் தண்ணீர். மீதி கொலாஜன் இழையும் ஹையலூரானிக் அமிலமும். அம்மாவுக்குச் செய்தது போன்ற அறுவையில் அதை வெட்டி எடுத்துவிட்டால் திரும்ப வளராது; அதன் இடத்தில்தான் வாயு. தண்ணீரை ஓடவிடாமல் பிடித்து வைத்திருக்கும் அந்த ஒரு சதவீதத்தைத்தான் நான் செய்ய வேண்டும். சுலபம் என்று நினைத்தேன்.

முதலில் பாலிவினைல் ஆல்கஹால். கரைத்து, உறையவைத்து, உருக்கி, மறுபடி உறையவைத்தால் ஜெல்லாகிவிடும். ஆகியது, தௌ ஃபூ ஃபா என்ற சோயா இனிப்பு போல வெள்ளையாக! உறையும்போது பாலிமர் ஓரிடத்திலும் பனி ஓரிடத்திலும் ஒதுங்கிவிடுகிறது, ஒளி சிதறிவிடுகிறது. கிண்ணத்தில் போட்டுச் சாப்பிடலாம், கண்ணில் போட முடியாது.

அப்புறம் நான்கு கை கொண்ட பாலிஎத்திலீன் கிளைகால். தெள்ளத் தெளிவான ஜெல். ஆனால் 23 கேஜ் என்ற மெல்லிய ஊசி வழியே தள்ளினால் நசுங்கிய அகார்-அகார் மாதிரி துணுக்குத் துணுக்காக வந்தது. சரி, கட்டியாகும் முன்பே ஏற்றிவிடலாம் என்று அந்தக் கைகளின் நுனியில் தயோல் உள்ள கரைசலையும், அதோடு இணையும் மாலிமைடு உள்ள கரைசலையும் கலந்தால், சில நொடியில் ஊசிக்குள்ளேயே இறுகிக்கொண்டது. எத்தனை ஊசி குப்பைக்குப் போனது என்று கணக்கு வைக்கவில்லை. அமிலத்தன்மையைக் கொஞ்சம் கூட்டியதும் வேகம் தணிந்தது.

இதையெல்லாம் தாண்டிய பிறகுதான் உண்மையான தொல்லை வந்தது: வீக்கம். 37 டிகிரி உப்புநீரில் போட்டு வைத்த ஜெல், இரண்டு வாரத்தில் பாதி எடை கூடியிருந்தது. குவளையில் என்றால் பரவாயில்லை. கண்ணோ ஒரு மூடிய பாத்திரம். 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம்தான் அங்கே இயல்பான அழுத்தம். உள்ளே ஜெல் நீரை உறிஞ்சி ஊதினால் பார்வை நரம்பு நசுங்கும். 1980களில் கண்ணின் வெளிச்சுவரில் வைத்துத் தைத்த ஹைட்ரஜெல் பட்டைகள், பல ஆண்டுகள் கழித்து ஊதிப்போய், துண்டு துண்டாக எடுக்க வேண்டிவந்தது. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வீக்கத்தைக் குறைக்க பாலிமரைக் குறைக்க வேண்டும். குறைத்தால் கரைசல் இறுகவே நேரமாகும், கண்ணுக்குள் கலைந்துபோகும். இந்த முடிச்சை 2017இல் தோக்கியோ குழு ஒன்று அவிழ்த்திருந்தது. மூலக்கூறுகளை முதலில் சின்னக் கொத்துகளாகச் சேர்த்து, ஜெல்லாவதற்கு ஒரு படி முன்னால் நிறுத்திவிட்டு, அப்புறம் கலக்கிறார்கள். பத்து நிமிடத்துக்குள் இறுகுகிறது. முயல் கண்ணில் ஓராண்டுக்கு மேல் இருந்தது. படிக்க ஒரு மாலை, செய்து பார்க்க எனக்கு நான்கு மாதம். குளிரில் நீராகவும் உடல் சூட்டில் ஜெல்லாகவும் மாறும் பாலிமரை 2019இல் சிங்கப்பூர்க்காரர்கள் வெளியிட்டார்கள். நம்மூர் வெயிலுக்கு அது ஊசியிலேயே கட்டியாகிவிடும் என்று ஆய்வகத்தில் ஒரே கிண்டல்.

சோதிக்கக் கண் வேண்டுமே. ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பாலும் பன்றிக் கண்தான். எங்கள் ஆய்வகத்தில் பாதிப் பேர் முஸ்லிம்கள், அந்தப் பேச்சுக்கே இடமில்லை. விடியற்காலையில் சௌகிட் சந்தைக்குப் போனேன். ஆட்டிறைச்சிக் கடை அண்ணன் ஏற இறங்கப் பார்த்தார். "தலையோட கேப்பாங்க தங்கச்சி, கண்ணு மட்டுமா?" விஷயத்தைச் சொன்னதும் காசு வாங்கவில்லை. அதன்பிறகு வாரா வாரம் ஐஸ் பெட்டியில் எடுத்து வைத்துவிடுவார்.

ஆட்டின் விட்ரியஸ் முட்டை வெள்ளை போல இழுபடும். ஊசிக்குள் ஏறாது, கத்தரித்துத்தான் எடுக்க வேண்டும். எடுத்துவிட்டு என் கரைசலை ஏற்றி, இறுகக் காத்திருந்து, பின்சுவரில் சின்னச் சன்னல் வெட்டினேன். ஜெல் வழியவில்லை. சன்னலில் டிரேசிங் தாளை ஒட்டி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். எதிர்க் கட்டடமும் வாகை மரமும் தலைகீழாக, தெளிவாகத் தாளில் விழுந்தன.

படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

"எனக்கு அடுத்த கண்ணு போறதுக்குள்ள வந்துருமா?"

"இன்னும் முயல்கிட்டகூடப் போகலம்மா. அடுத்த வாரம்தான் உயிரணுச் சோதனை."

"சரி, ஆட்டுக் கண்ணத் தொட்ட கைய நல்லாக் கழுவிட்டுச் சாப்பிடு."